முதுகில் தைத்த அச்சம்: ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கிளப்பும் கியூபெக்கின் ஏழாண்டுப் போரும்



சட்டமும் சமுதாயமும் என்ற பொதுப்பொருளில் நடந்துவரும் இந்தச் சொற்பொழிவு வரிசையில், ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். குற்றக் கும்பல் ஒன்று ஊரை எப்படித் தன் பிடிக்குள் கொண்டுவருகிறது, அந்தப் பிடி எதனால் தளர்கிறது என்ற கேள்வி சட்டம் படிக்கும் எவரையும் விடாது. அதற்கு விடை தேடப் புகுந்தவர்களுக்குக் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 1994 தொடங்கி நடந்தவற்றைப் போல விரிவான ஆவணம் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சாட்சியங்கள், தீர்ப்புகள், மேல்முறையீடுகள், சட்டத் திருத்தங்கள் என்று எல்லாமே பொதுவெளியில் இருக்கின்றன.

பிறப்பும் புகழும்

1947 ஜூலை 4-ஐ ஒட்டிய வார இறுதியில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் மோட்டார் சைக்கிள் திருவிழா ஒன்று நடந்தது. எதிர்பார்த்ததற்கு மேல் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். குடி, தெருவில் பந்தயம், சில கைகலப்புகள் என்று இரண்டு மூன்று நாள் ஊர் அல்லோலப்பட்டது. ‘லைஃப்’ பத்திரிகை ஒரு முழுப்பக்கப் படம் வெளியிட்டது. பீர் பாட்டில்கள் சிதறிக் கிடக்க, வண்டிமீது சாய்ந்திருக்கும் ஓர் ஆள். அந்தக் காட்சி புகைப்படத்துக்காக ஏற்பாடு செய்யப்பட்டது என்று நேரில் பார்த்தவர்கள் பின்னாளில் சொன்னார்கள். ஆனால் படம் தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. 1953-இல் மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’ அந்த உருவத்தைத் திரையில் நிலைநிறுத்தியது.

ஹாலிஸ்டருக்கு மறு ஆண்டு, 1948 மார்ச் 17 அன்று, கலிஃபோர்னியாவின் ஃபான்டானா பகுதியில் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் கிளப் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் விமானப் படைப் பிரிவுகள் வைத்துக்கொண்ட பெயர் அது. போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் பலருக்கு அலுவலக நாற்காலியும் புறநகர் வீடும் ஒட்டவில்லை. வேகமும் தோழமையும் தேடிப் போனார்கள். அந்தத் தேடலை நான் குறை சொல்ல மாட்டேன்.

மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரில் 99 சதவீதம் பேர் சட்டத்தை மதிப்பவர்கள் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் சொன்னதாக ஒரு பேச்சு பரவியது. அப்படிச் சொன்னதற்குத் தன்னிடம் பதிவே இல்லை என்கிறது சங்கம். ஆனால் மீதி ஒரு சதவீதம் நாங்கள்தான் என்று சில கிளப்புகள் பெருமையோடு ஏற்றுக்கொண்டு, ‘1%’ என்ற சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டன. சட்டத்துக்கு வெளியே நிற்கிறோம் என்பதைத் தாங்களே ஊரறியச் சொன்ன அறிவிப்பு அது.

1969 டிசம்பர் 6 அன்று, கலிஃபோர்னியாவின் ஆல்டமான்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இசை நிகழ்ச்சியில் மேடைக்குக் காவலாக நின்றவர்கள் இந்தக் கிளப்பினர். 18 வயதுக் கறுப்பின இளைஞர் மெரடித் ஹன்டர் கூட்டத்தில் துப்பாக்கியை எடுத்தார். கிளப் உறுப்பினர் ஒருவர் அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். தற்காப்பு என்று சொல்லி ஜூரி அந்த உறுப்பினரை விடுவித்தது. விடுதலையின் அடையாளமாகப் பாடப்பட்டவர்கள் கையில் ஓர் இளைஞர் இறந்து கிடந்ததை அன்று அமெரிக்கா பார்த்தது. பார்த்த பிறகும் அவர்கள்மீதான மயக்கம் தெளியவில்லை.

சின்னம் என்னும் மூலதனம்

கையில்லாத தோல் மேற்சட்டை ஒன்றை எண்ணிப் பாருங்கள். முதுகில் மூன்று துண்டுகள் தைத்திருக்கும். மேலே வளைவாகக் கிளப்பின் பெயர். நடுவில் இறக்கை முளைத்த மண்டையோடு. கீழே இன்னொரு வளைவில் அந்தக் கிளை உரிமை கொண்டாடும் நிலப்பரப்பின் பெயர். இந்த மூன்றும் ஒருவன் முதுகில் ஏறுவதற்குப் பல ஆண்டுகள் ஆகலாம். முதலில் கிளப்பைச் சுற்றித் திரிந்து எடுபிடி வேலை செய்ய வேண்டும். பிறகு தகுதிகாண் நிலை. இரவெல்லாம் வாசலில் காவல் நிற்பதும் சொன்னதைக் கேள்வி கேட்காமல் செய்வதும் அந்தக் கட்டத்தில்தான். கடைசியில் கிளை உறுப்பினர்கள் கூடி வாக்களித்தால் முழுச் சின்னம் கிடைக்கும். அதன் பிறகும் சட்டை அவனுடையதாகிவிடாது. கிளப்பை விட்டு விலகினால் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

அந்தச் சின்னத்தைக் கிளப் வணிக முத்திரையாகப் பதிவு செய்து வைத்திருக்கிறது. தன் மண்டையோட்டுச் சின்னத்தைப் பயன்படுத்தியதாகச் சொல்லி, 2010-இல் அலெக்சாண்டர் மெக்வீன் ஆடை நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தது. சின்னத்தின் மதிப்பை அதன் உரிமையாளர்கள் எவ்வளவு துல்லியமாக அறிந்திருக்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மிரட்ட ஆள் அனுப்ப வேண்டாம், ஆயுதம் காட்ட வேண்டாம், சட்டை ஒன்று போதும் என்ற நிலையை அடைந்த கும்பலுக்கு அதுதான் முதல்.

இந்த முதலைப் பெருக்கும் வழி கிளைகளும் அவற்றுக்குக் கீழே இயங்கும் ஏவல் கிளப்புகளும். தெருவில் கோகெய்ன் விற்பது, கடைகளில் மாமூல் வாங்குவது, எதிரியை அடிப்பது எல்லாம் ஏவல் கிளப்புகளின் வேலை. மேலே இருப்பவர் கையில் கறை படியாது. மாண்ட்ரியலில் ‘ராக்கர்ஸ்’ என்ற ஏவல் கிளப்புக்குள் இரண்டு அணிகள் இருந்தன என்று பின்னாளில் நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. பேஸ்பால் அணி என்றால் அடிப்பவர்கள்; ஃபுட்பால் அணி என்றால் கொல்பவர்கள். விளையாட்டின் பெயரைச் சூட்டிக்கொண்டு கொலையை வேலைப் பிரிவினையாக்கி வைத்திருந்தார்கள்.

கியூபெக்கில் கால் பதித்தது

1977 டிசம்பர் 5 அன்று மாண்ட்ரியலின் ‘பாப்பாய்ஸ்’ என்ற கிளப் தன் சின்னத்தைக் கழற்றிவிட்டு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் முதல் கனடியக் கிளையானது. எட்டே ஆண்டுகளில் அது தன் சொந்த ஆட்களைக் கொன்றது. லவால் பகுதிக் கிளையினர் போதைப் பொருளை விற்பதைவிடத் தாங்களே அதிகம் உட்கொள்கிறார்கள், பங்குப் பணத்தில் கை வைக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 1985 மார்ச் 24 அன்று லெனாக்ஸ்வில்லில் இருந்த கிளப் மாளிகைக்குக் கூட்டம் என்று அழைத்து ஐந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். உடல்களைத் தூக்கப் பைகளில் சுருட்டி, எடை கட்டி, செயின்ட் லாரன்ஸ் நதியில் போட்டார்கள். சில மாதங்களில் நதி அவற்றைக் காட்டிக்கொடுத்தது.

அன்று அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் தப்பியவன் ஈவ் த்ரூடோ. போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையில் இருந்தான். தன் உயிருக்கும் விலை பேசப்பட்டிருப்பது தெரிந்ததும் போலீஸிடம் வந்து, தான் செய்ததாக 43 கொலைகளை ஒப்புக்கொண்டான். சகோதரத்துவம் என்று வாய் நிறையச் சொன்ன அமைப்பின் கணக்கேடு அந்த வாக்குமூலம்.

சொந்தக் கூட்டாளிகளையே கொல்பவர்களோடு சேர விரும்பாத சல்வதோர் கசெட்டா என்பவர் தம்பியுடன் சேர்ந்து 1986-இல் ‘ராக் மெஷின்’ என்ற தனிக் கும்பலைத் தொடங்கினார். அவருடைய பழைய நண்பர் மோரிஸ் பூஷே 1987-இல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸில் சேர்ந்தார். மாண்ட்ரியலின் போதைப் பொருள் சந்தை இந்த இரண்டு நண்பர்களுக்கு இடையே சில காலம் அமைதியாகப் பிரிந்திருந்தது. 1994-இல் கசெட்டா, டன் கணக்கில் கோகெய்ன் இறக்குமதி செய்யத் திட்டமிட்ட வழக்கில் கைதானார். சந்தை முழுவதும் எனக்கே என்றார் பூஷே. அந்த ஜூலையில் போர் வெடித்தது.

போர்

அது 2001 வரை நீண்டது. 160-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். 80-க்கும் மேற்பட்ட குண்டுவெடிப்புகள். வட அமெரிக்காவின் செழிப்பான நகரங்களில் ஒன்றில், நன்றாக இயங்கும் காவல்துறையும் நீதிமன்றங்களும் இருந்த இடத்தில் இது நடந்தது.

1995 ஆகஸ்ட் 9. மாண்ட்ரியலின் கிழக்கே உழைக்கும் மக்கள் வாழும் ஓஷலாகா-மேசன்னேவ் பகுதி, ஆடம் தெரு. கோடை விடுமுறை. போதைப் பொருள் வியாபாரி ஒருவர் ஏறிய ஜீப்பில் குண்டு வெடித்தது. அவர் அங்கேயே இறந்தார். பறந்து வந்த உலோகத் துண்டு ஒன்று, பக்கத்தில் இருந்த டேனியல் டெரோஷே என்ற 11 வயதுச் சிறுவனின் தலையில் பாய்ந்தது. நான்கு நாள் உயிருக்குப் போராடி அவன் இறந்தான்.

அதுவரை பலருடைய மனநிலை என்னவாக இருந்தது? அவர்களுக்குள் அடித்துக்கொண்டு சாகிறார்கள், நமக்கென்ன என்பதுதான். இந்த ஒரு சொற்றொடரை நான் மிகவும் அஞ்சுகிறேன். எந்தக் கும்பலும் முதலில் வளர்வது இதன் நிழலில்தான். டேனியலின் மரணம் அந்தச் சொற்றொடரை உடைத்தது. சில வாரங்களில் மாநில, நகரக் காவல்துறைகளும் மத்தியக் காவல்துறையும் சேர்ந்து ‘கார்காஜூ’ என்ற சிறப்புப் படை அமைந்தது. டேனியலின் தாய் ஓயவில்லை. கும்பல்களுக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும் என்று அரசியல்வாதிகளின் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருந்தார். 1997 ஏப்ரலில் கனடிய நாடாளுமன்றம் தன் முதல் கும்பல் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியதற்குப் பின்னால் அந்தத் தாயின் குரல் இருக்கிறது.

மௌனத்தைத் தயாரித்த விதம்

1995 ஜூனில் பூஷே ‘நோமட்ஸ்’ என்ற மேல்தட்டுக் கிளையை உருவாக்கினார். நிலப்பரப்புக்குக் கட்டுப்படாத கிளை அது. அவருக்கு இருந்த பெரிய கவலை எதிரிக் கும்பல் அல்ல; அப்ரூவர்கள். பிடிபட்ட ஆள் தண்டனைக் குறைப்புக்காக வாய் திறந்துவிட்டால் மேலிருக்கும் எல்லாரும் மாட்டுவார்கள். அதற்கு அவர் கண்ட வழியை நீங்கள் கவனித்துக் கேட்க வேண்டும். சிறைக் காவலர்களைக் கொல்லச் சொன்னார். அரசு ஊழியரைக் கொன்றவனோடு அரசு எந்தப் பேரமும் பேசாது, ஆகவே அப்படிக் கொன்றவன் ஒருபோதும் அப்ரூவராக முடியாது என்பது கணக்கு. யாரைக் கொல்கிறோம் என்பது அவருக்குப் பொருட்டல்ல. சீருடை அணிந்திருந்தால் போதும்.

1997 ஜூன் 26 இரவு டயான் லவீன் என்ற பெண் காவலர் மாண்ட்ரியலின் போர்டோ சிறையில் பணி முடித்துக் காரில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் அவர் காரை ஒட்டி வந்தது. அதில் வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். அவரை அவர்களுக்கு யாரென்றே தெரியாது. செப்டம்பர் 8 அன்று பியேர் ரோந்தோ என்ற காவலர், கைதிகள் இல்லாத சிறைப் பேருந்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடன் இருந்த சக ஊழியர் உயிர் தப்பினார்.

கணக்கு தப்பாகிப்போனது. கொலையாளிகளில் ஒருவனான ஸ்தெஃபான் கன்யே அந்த டிசம்பரில் கைதானான்; விசாரணையில் எல்லாவற்றையும் சொன்னான். அரசு அவனை அப்ரூவராக ஏற்றது. அவனுக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் காவலர்களின் கொலைக்காக விசாரிக்கப்பட்ட பூஷேவை 1998 நவம்பர் 27 அன்று ஜூரி விடுவித்தது. அன்று இரவே அவர் மாண்ட்ரியலில் நடந்த குத்துச்சண்டைப் போட்டியைப் பார்க்கப் போனார். அரங்கில் இருந்தவர்கள் கைதட்டி வரவேற்றார்கள். இரண்டு காவலர்களின் குடும்பங்கள் அன்று இரவு எப்படித் தூங்கியிருக்கும்? குற்றவாளிக்குக் கைதட்டும் பொதுமக்கள் அவனுக்குப் பணமும் ஆளும் தருபவர்களைவிடக் குறைந்த உதவி செய்யவில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. அப்ரூவரின் சாட்சியத்தை எப்படி எடைபோடுவது என்று நீதிபதி ஜூரிக்குச் சொன்னதில் பிழை இருந்ததாகக் கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000 அக்டோபரில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. அதற்கு முந்தைய மாதம், செப்டம்பர் 13 அன்று, ‘ஜூர்னால் தெ மொந்ரேயால்’ நாளிதழின் குற்றச் செய்தியாளர் மிஷெல் ஓஜே தம் அலுவலக வாகன நிறுத்தத்தில் முதுகில் பலமுறை சுடப்பட்டார். ரத்தம் வழிய, தம் கைபேசியில் தாமே அவசர எண்ணை அழைத்தார். பிழைத்தார். சில மாதங்களில் மீண்டும் வேலைக்குத் திரும்பினார். அவர் சுடப்பட்டதைத் தொடர்ந்து மாண்ட்ரியல் தெருக்களில் பத்திரிகையாளர்கள் ஊர்வலம் போனார்கள்.

அடுத்த மாதம், தன் மதுக்கூடத்தில் போதைப் பொருள் விற்கக் கிளப்பின் ஆட்களை அனுமதிக்க மறுத்த 29 வயது இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். அவரிடம் ஆயுதம் இல்லை, அமைப்பும் இல்லை. முடியாது என்று சொன்னார், அவ்வளவுதான்.

2001 மார்ச் 28 அன்று சுமார் 2,000 போலீஸார் ஒரே நாளில் மாநிலமெங்கும் இறங்கி, நோமட்ஸ், ராக்கர்ஸ் உறுப்பினர்கள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். அதற்கான சான்றுகளில் பெரும்பகுதி உள்ளேயிருந்து வந்தது. ராக்கர்ஸ் கிளப்புக்குள் இருந்துகொண்டு காவல்துறையிடம் சம்பளம் வாங்கிய டேனி கேன் என்பவன் அதில் முக்கியமானவன். அவன் உளவு சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே கொலை வழக்கில் சிக்கியவன். 2000 ஆகஸ்டில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் இறந்து கிடந்தான். அரசு எப்படிப்பட்டவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க நேர்ந்தது என்பதை அவன் வாழ்க்கை சொல்கிறது.

2002 மே 5 அன்று மறுவிசாரணையில் பூஷே குற்றவாளி என்று தீர்ப்பானது. 25 ஆண்டுக்குப் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. 2022 ஜூலையில் புற்றுநோயால், தண்டனைக் கைதியாகவே இறந்தார்.

ஒரு வாசலில் நின்ற இரண்டு சட்டைகள்

நாங்கள் வண்டி ஓட்டும் நண்பர்கள் சங்கம், உறுப்பினர் செய்யும் குற்றம் அவரவர் குற்றம் என்பது கிளப் எப்போதும் சொல்லும் வாதம். எல்லா உறுப்பினரும் குற்றவாளிகள் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வாதத்துக்கு ஒன்டாரியோ மாநிலத்தில் கிடைத்த விடையை இங்கே வைக்க வேண்டும்.

2002 ஜனவரியில் பாரி நகரத்தில் ஒரு வியாபாரியின் வீட்டு வாசலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். 75,000 டாலர் வேண்டும் என்றார்கள். இருவரும் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸின் சின்னம் பொறித்த உடையில் வந்திருந்தார்கள். 2005 ஜூன் 30 அன்று நீதிபதி மிஷெல் ஃப்யூர்ஸ்ட் அளித்த தீர்ப்பின் சாரம் இது: அவர்கள் தனிமனிதர்களாக வந்து கேட்கவில்லை, வன்முறைக்குப் பேர்போன ஓர் அமைப்பின் உறுப்பினர்களாகத் தங்களைக் காட்டிக்கொண்டு கேட்டார்கள், அந்தச் சின்னமே அவர்கள் ஏந்தி வந்த ஆயுதம். ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் ஒரு குற்ற அமைப்பு என்று கனடிய நீதிமன்றம் ஒன்று அறிவித்தது அதுவே முதல் முறை.

இந்தத் தீர்ப்புக்கு வழிவகுத்தது திருத்திய சட்டம். 1997 சட்டத்தில் குற்ற அமைப்பு என்றால் ஐந்து பேராவது வேண்டும். முந்தைய ஐந்தாண்டுகளில் அவர்கள் தொடர் குற்றங்களில் ஈடுபட்டதைக் காட்டவும் வேண்டும். அரசுத் தரப்புக்கு அது பெரும் சுமை. 2001-இல் நிறைவேறிய திருத்தம் மூன்று பேர் போதும் என்றது. அமைப்புக்காக உத்தரவிடும் தலைவனுக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க இடம் தந்தது. சட்டை போடுவதை அது தடை செய்யவில்லை. சட்டையைக் காட்டி மிரட்டுவதைக் குற்றத்தோடு சேர்த்து எடைபோட வழி செய்தது. கருத்துரிமையையும் கூடும் உரிமையையும் மதிக்கும் நாடு எடுக்க வேண்டிய நிதானமான பாதை இதுதான் என்பது என் துணிபு. நெதர்லாந்து வேறு வழியில் போனது. 2019-இல் உத்ரெக்ட் நீதிமன்றம் கிளப்பையே முழுவதுமாகத் தடை செய்தது.

வெற்றியின் நடுவே ஒரு சரிவு

கதையை இங்கே முடித்துக்கொண்டால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். உண்மை அங்கே முடியவில்லை.

2009 ஏப்ரல் 15 அன்று கியூபெக் காவல்துறை ‘ஷார்க்’ என்ற நடவடிக்கையில் 156 பேரைக் கைது செய்ய இறங்கியது. மாநிலத்தின் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் உறுப்பினர்கள் ஏறக்குறைய எல்லாருமே அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இத்தனை பேரை ஒரே மூட்டையாகக் கட்டி விசாரிக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. 2011-இல் நீதிபதி ஜேம்ஸ் பிரன்டன், நியாயமான காலத்துக்குள் விசாரணை முடியாது என்று சொல்லி 31 பேரை விடுவித்தார். 2015 அக்டோபரில் கொலை வழக்கில் விசாரணைக்கு நின்ற ஐந்து பேரின் வழக்கையும் அவரே நிறுத்தினார். எதிர்த்தரப்புக்குக் கொடுத்திருக்க வேண்டிய ஆவணங்களை அரசுத் தரப்பு உரிய காலத்தில் கொடுக்கவில்லை என்பதே காரணம். போரில் இறந்தவர்களின் குடும்பங்கள் பல ஆண்டு காத்திருந்து, குற்றமா இல்லையா என்ற விடைகூடக் கிடைக்காமல் வீடு திரும்பின.

அந்த நீதிபதியைத் திட்டியவர்கள் உண்டு. நான் அவர் பக்கம் நிற்கிறேன். அவர் கும்பலுக்குச் சலுகை காட்டவில்லை. அரசு தன் கடமையை மீறியதற்கு விலை உண்டு என்று சொன்னார். பூஷேவைக் கடைசியில் சிறைக்கு அனுப்பியது எது? முறையான மேல்முறையீடு, முறையான மறுவிசாரணை, பயமுறுத்தலுக்கு நடுவே உட்கார்ந்து கேட்ட பன்னிரண்டு ஜூரிகள். ஐந்து பேரை வெளியே அனுப்பியது எது? குறுக்குவழி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகத் தெரியும்.

இன்னொரு செய்தியும் உண்டு. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸோடு சேர மறுத்து ராக் மெஷினைத் தொடங்கிய கசெட்டா, சிறையிலிருந்து வந்தபின் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸிலேயே சேர்ந்தார். 160-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த பகைக்கு இதுதான் முடிவு. கொள்கை என்றும் மானம் என்றும் சகோதரத்துவம் என்றும் சொன்னதெல்லாம் சந்தைக்குப் போட்ட திரை என்பதை அவர்களே காட்டிவிட்டார்கள். அந்தத் திரையை நம்பிச் செத்தவர்களில் இளைஞர்களும் இருந்தார்கள் என்பதுதான் ஆறாத வலி.

மாணவச் செல்வங்களே, உங்களில் சிலர் நாளை அரசுத் தரப்பில் நிற்பீர்கள், சிலர் எதிர்த்தரப்பில், சிலர் நீதிபதியின் இருக்கையில். அச்சத்தைத் தொழிலாக நடத்தும் கும்பல் ஒன்று உங்கள் முன் வரும்போது, ஊர் உங்களிடம் வேகத்தைக் கேட்கும். கோபமும் நியாயமாகத்தான் இருக்கும். அப்போது கியூபெக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே அச்சத்தின் பிடியைத் தளர்த்தியவர்கள் கதவு தட்டிய ஒரு தாய், பிழைத்தெழுந்து மறுபடி எழுதிய ஒரு செய்தியாளர், மிரட்டலைத் தாங்கிச் சாட்சி சொன்னவர்கள். அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கொண்டுவந்து கொடுத்ததை, கொடுக்க வேண்டிய ஓர் ஆவணத்தைக் கொடுக்காமல் விட்டதால் அரசு இழந்தது. சாட்சிக்குப் பாதுகாப்பும் எதிரிக்கு நேர்மையான விசாரணையும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள். ஒன்றைக் கைவிட்டால் மற்றதும் போய்விடும். சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களை, சட்டத்துக்கு உள்ளே உறுதியாக நிற்கும் அரசால் மட்டுமே வெல்ல முடியும். அப்படி நிற்க வைப்பது உங்கள் தொழில்.